சொல்லிக்கொள்ளாமல் கிளம்பியவர்

லிஃப்ட் அண்ணன் வீட்டுக்கும் எங்கள் வீட்டுக்கும் நடுவில் ஒரே ஒரு சுவர்தான். அதுவும் பேருக்குச் சுவர். அந்தப் பக்கம் அவர் தும்மினால் இந்தப் பக்கம் நான் மூக்கைத் துடைத்துக்கொள்ளலாம். மாடியில் நாங்கள் இரண்டு குடித்தனம், கீழே முன்கட்டில் வீட்டுக்காரம்மா, பின்கட்டில் இன்னொரு குடித்தனம். ஏறி இறங்க ஒரே படிக்கட்டு.

அவரை யாரும் பெயர் சொல்லிக் கூப்பிட்டு நான் கேட்டதில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் லிஃப்ட் ஓட்டுகிற வேலை. அதனால் எல்லாருக்கும் லிஃப்ட் அண்ணன். நான் தையல்கடைத் துணிகளை வாங்கிவந்து வீட்டிலேயே கொக்கி வைத்து, பட்டன் தைத்து, ஓரம் மடித்துக் கொடுப்பேன். என் வீட்டுக்காரர் லாரி ஓட்டுகிறவர். மாதத்தில் பாதி நாள் அவருக்கு வீடு ரோட்டில்தான். எனக்குப் பகலெல்லாம் ஊசி, நூல், அந்தச் சுவர், அப்புறம் மேலே இருக்கிற ஆண்டவன். வேறு பேச்சுத்துணை கிடையாது.

அண்ணி இருந்த வரைக்கும் அவர் காலையில் கிளம்புவது ஒரு சின்னக் கச்சேரி மாதிரி இருக்கும். "கண்ணாடிய எடுத்தீங்களா? குடைய எடுத்தீங்களா? மூஞ்சிய எடுத்தீங்களா?" என்று அண்ணி வாசலில் நின்று கேட்பார். அவர் எல்லாவற்றுக்கும் "ம்" சொல்லிவிட்டு, கடைசியில் "போயிட்டு வரேன்" என்பார். "போயிட்டு வாங்க" என்று அண்ணி சொன்ன பிறகுதான் செருப்புச் சத்தம் படியில் இறங்கும்.

அண்ணி நோயில் படுத்துப் போய்ச் சேர்ந்தார். பிள்ளை குட்டி இல்லை. காரியமெல்லாம் முடிந்து அவர் மறுபடி வேலைக்குக் கிளம்பிய முதல் நாள், பூட்டைப் போட்டுவிட்டுக் கொஞ்ச நேரம் நின்றார். அப்புறம் மெதுவாக, "போயிட்டு வரேன்" என்றார். பூட்டின வீட்டைப் பார்த்து. உள்ளே ஈ காக்கை இல்லை. எனக்கு ஊசி விரலில் ஏறிவிட்டது.

அன்றிலிருந்து தினமும் அப்படித்தான். அவர் சொல்வது என் காதில் விழுகிறது என்று அவருக்குத் தெரியாது. தெரிந்தால் கூச்சப்படுவார் என்று நானும் காட்டிக்கொள்ளவில்லை.

ஒரு தடவை என் நாத்தனாரைப் பார்க்க ஆஸ்பத்திரிக்குப் போயிருந்தேன். அவர் லிஃப்டில்தான் ஏறினேன். மூலையில் ஒரு முக்காலி, பக்கத்தில் பொத்தான் பலகை. ஸ்ட்ரெச்சர் வந்தால் எழுந்து முக்காலியைக் காலால் ஒதுக்கி நிற்பார். ஏறுகிறவர்கள் யாரும் அவர் முகத்தைப் பார்ப்பதில்லை, கதவுக்கு மேலே மாறுகிற நம்பரைத்தான் பார்க்கிறார்கள்.

"பேச்சுக்குப் பஞ்சமே இருக்காதுல்ல அண்ணே, இத்தனை பேரு வந்து போறாங்க" என்று கேட்டேன்.

"பேசுவாங்களே. ஒருத்தர் 'மூணு'ன்னுவாரு, இன்னொருத்தர் 'அஞ்சு'ன்னுவாரு. சாயங்காலம் வரைக்கும் வாய்ப்பாடுதான்" என்று சிரித்தார்.

இந்த நிலைமையில்தான் நாய் வந்தது.

கீழே பின்கட்டில் குடியிருந்தவர்கள் வீடு மாற்றிப் போனார்கள். கட்டில், பீரோ, பூந்தொட்டி எல்லாவற்றையும் வண்டியில் ஏற்றினார்கள். நாயை மட்டும் ஏற்றவில்லை. தவிட்டு நிறம், ஒரு காது நிமிர்ந்து ஒரு காது மடிந்து இருக்கும். அது தெருமுனை வரைக்கும் வண்டி பின்னால் ஓடியது. திரும்பி வந்து கேட்டுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தது. நானும் வீட்டுக்காரம்மாவும் ஆளுக்கு ஒரு பக்கம் கூப்பிட்டோம். குனிந்து தலையைத் தடவப் போனால் உறுமியது. சோறு வைத்தால் முகர்ந்துகூடப் பார்க்கவில்லை.

லிஃப்ட் அண்ணன் சாயங்காலம் வந்தார். அவருக்கு முழங்கால் வலி. படியேறுவதற்கு முன்னால் கீழ்ப்படியில் உட்கார்ந்து, செருப்பைக் கழற்றி, காலைப் பிடித்துக்கொண்டிருந்தார். நாயைக் கூப்பிடவில்லை, திரும்பிக்கூடப் பார்க்கவில்லை. அவருக்கு அவர் வலிதான் பெரிது. அது கொஞ்சம் கொஞ்சமாக வந்து அவர் செருப்பை முகர்ந்தது. அப்புறம் காலை. அப்புறம் அவர் ஏற ஏற, பின்னாலேயே ஏறியது.

மறுநாளிலிருந்து அவர் முழங்காலுக்கு மருத்துவம் பார்க்க லீவு போட்டு வீட்டில் இருந்தார். ஆளும் நாயும் ஒன்றாகவே கிடந்தார்கள். வீட்டில் இருக்கிற ஒரே நாற்காலியில் அது ஏறி, கால்மேல் கால் போட்ட மாதிரி உட்காரும். அவர் தரையில். அதனால் அதற்குத் துரை என்று பேர் வைத்தார். "துரை, கொஞ்சம் நகர்ந்து குந்துங்க", "துரைக்கு இன்னிக்கு என்ன கோவம்?" என்று சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சு கேட்க ஆரம்பித்தது. அண்ணி போன பிறகு அந்த வீட்டில் வாக்கியமாக ஒரு பேச்சைக் கேட்டது அப்போதுதான். சாயங்கால ஜெபத்தில் நான் அதற்காக நன்றி சொன்னேன்.

அவர் குளிக்கப் போனால் அது குளியலறை வாசலில் படுத்திருக்கும். குப்பை கொட்டப் போனால் கூடவே இறங்கும். "நிழல் மாதிரி வர்றான் தங்கச்சி, எவ்வளவு பாசம் பாரு" என்பார். எனக்கும் அது பாசமாகத்தான் தெரிந்தது.

லீவு முடிந்தது. அவர் வேலைக்குக் கிளம்பினார். வினையும் அங்கேதான் ஆரம்பித்தது.

அவர் கிளம்புகிற அழகை நான் சொல்ல வேண்டும். முதலில் காக்கிச் சட்டை. அப்புறம் சாவியை ஆணியிலிருந்து எடுப்பார். அப்புறம் முழங்கால் வலியோடு நாய்க்கு முன்னால் குந்தி, அதன் முகத்தை இரண்டு கையிலும் பிடித்துக்கொள்வார். "துரை, நான் போயிட்டு வரேன். சாயங்காலம் வந்துடுவேன். தண்ணி வச்சிருக்கேன். ஜன்னல் திறந்திருக்கு. பயப்படக்கூடாது. என்ன? போயிட்டு வரட்டுமா?" கதவு வரைக்கும் போவார். மறுபடி வருவார். "அழக்கூடாது, என்ன?" மறுபடி தடவல். பூட்டின பிறகும் கதவு இடுக்கில், "போயிட்டு வரேன்டா கண்ணு" என்பார்.

எத்தனை நாள் பூட்டிடம் சொன்ன மனுசன்! இப்போது கேட்க ஒரு ஜீவன் கிடைத்ததும் சேர்த்து வைத்ததையெல்லாம் சொன்னார்.

அவர் செருப்புச் சத்தம் கீழே இறங்கினதும் நாய் ஊளையிட ஆரம்பிக்கும். குரைப்பு இல்லை, ஊளை. வயிற்றிலிருந்து எடுத்து, கழுத்தை மேலே தூக்கி, இழுத்து. கதவைப் பிறாண்டும். கொஞ்சம் ஓயும், மறுபடி எடுக்கும். நான் பொறுக்க முடியாமல் போய்க் கதவருகில் நின்று, "இதோ நான் இருக்கேன்டா துரை, அழாதடா" என்பேன். நிறுத்தும். நான் திரும்பி வந்து ஊசியைக் கையில் எடுத்ததும் முன்னைவிடப் பெரிதாக எடுக்கும். மறுபடி ஓடுவேன். பகல் முழுக்க எனக்கு இதே வேலை. ஒரு ரவிக்கையில் கொக்கியைத் தலைகீழாக வைத்துக் கடைக்காரரிடம் வாங்கிக் கட்டிக்கொண்டேன்.

அதை என் வீட்டிலேயே வைத்துக்கொள்ளலாம்தான். ஆனால் என் வீட்டுக்காரருக்கு நாய் முடி பட்டால் மூச்சு இழுக்கும். அவர் வருகிற நாள் எது, வராத நாள் எது என்று லாரிக்குத்தான் தெரியும். ஊரார் துணி வேறு வீடு முழுக்கக் கிடக்கிறது.

அண்ணன் சாயங்காலம் வந்து பார்த்தால் அவர் லுங்கி கிழிந்திருக்கும், அண்ணியின் பழைய தலையணை பிய்ந்து பஞ்சு பறக்கும். தரையில் ஈரம். "ஏன்டா இப்படிப் பண்ணின?" என்று கேட்பார். நாய் காதை மடக்கி, வாலை இடுக்கி, மூலையில் ஒடுங்கி முகத்தைத் திருப்பிக்கொள்ளும். "பாரு தங்கச்சி, தப்புப் பண்ணினது அவனுக்கே தெரியுது. விட்டுட்டுப் போனேன்னு என்மேல வன்மம்" என்பார். அப்புறம் அவரே மனசு கேட்காமல் அதைக் கட்டிக்கொள்வார்.

கீழே வீட்டுக்காரம்மா நல்ல மனுசிதான். வாடகை தாமதமானால்கூட முகம் சுளிக்க மாட்டார். ஆனால் அவர் மகளுக்கு அப்போதுதான் பிரசவம் ஆகியிருந்தது. ஆஸ்பத்திரியிலிருந்து குழந்தையோடு தாய்வீட்டுக்குத்தான் வரப் போகிறாள்.

ஒரு நாள் சாயங்காலம் படியருகில் அண்ணனை நிறுத்தினார். நானும் தண்ணீர்க் குடத்தோடு அங்கே நின்றேன்.

"லிஃப்ட்காரரே, உங்க கஷ்டம் எனக்குத் தெரியாம இல்ல. ஆனா நாள் முழுக்க ஊளை. பச்சப் புள்ள வர்ற வீடு. நாய் ஊளை விட்டா அபசகுனம்னு வேற சொல்லுவாங்க."

"சொல்லித் திருத்திடறேம்மா."

"சொல்லித்தானே தினம் கிளம்புறீங்க. என் காதுலயும்தான் விழுது, பொண்ணைப் புகுந்த வீட்டுக்கு அனுப்புற மாதிரி." சொன்ன பிறகு அவருக்கே சங்கடமாகிவிட்டது. குரலை இறக்கினார். "அடுத்த வாரம் புள்ளையோட வர்றா. அதுக்குள்ள அடங்கிச்சின்னா இருக்கட்டும். இல்லைன்னா வேற எடம் பாத்து விட்டுடுங்க. நான் வேற என்ன சொல்ல?"

அண்ணன் தலையை ஆட்டிவிட்டு ஏறினார். அன்றைக்குப் படியில் நடுவில் இரண்டு தடவை உட்கார்ந்தார்.

வேறு இடம் என்று ஒன்று இருந்தது. சிமெண்ட் கிடங்குக்காரர் ஒருவர், "கொண்டாங்க, கேட்டுல கட்டிப் போடுறேன்" என்றிருந்தார். கிடங்கு வாசலில் ஏற்கனவே ஒரு சங்கிலி கிடந்தது. முன்னே இருந்த நாய் எங்கே என்று அண்ணன் கேட்கவில்லை.

மறுநாள் நாய் கதவைப் பிறாண்டியதில் நகம் பிய்ந்து ரத்தம். கதவிடுக்கில் ரத்தத்தைப் பார்த்து நான் போன் போட்டதும் அவர் அரைநாள் லீவு சொல்லிவிட்டு வந்தார். நாயை இரண்டு பேருமாக மாட்டாஸ்பத்திரிக்குக் கூட்டிப் போனோம். அங்கே இருந்தது வயசில் சின்ன டாக்டரம்மா. நகத்துக்கு மருந்து போட்டுக்கொண்டே கேட்டார், "எப்படி ஆச்சு?"

அண்ணன் எல்லாவற்றையும் ஒன்று விடாமல் சொன்னார். காலையில் என்ன பேசுகிறார் என்பதையும் சொன்னார். நாய் அப்போது மேசைமேல் நின்று வாய் பிளந்து பெரிதாகக் கொட்டாவி விட்டது.

"பாருங்க, நம்ம கதையக் கேட்டு அவனுக்குத் தூக்கம் வருது" என்றேன் நான்.

"தூக்கம் இல்லம்மா. பயம்" என்றார் டாக்டரம்மா. "பயந்தா இதுங்க கொட்டாவி விடும், உதட்டை நக்கும், மூஞ்சியத் திருப்பிக்கும். பாத்துக்கிட்டே இருங்க." அவர் ஊசியை எடுத்ததும் அது உதட்டை நக்கியது. முகத்தைத் திருப்பிக்கொண்டது. எனக்கு ஆச்சரியமாக இருந்தது. சாயங்காலம் மூலையில் ஒடுங்கி முகம் திருப்புகிறதே, அதுவும் இதுதானா என்று கேட்டேன்.

"அதேதான். தப்புப் பண்ணினோம்னு வெட்கம் இல்ல, ஐயா. சாயங்காலம் உங்க முகமும் குரலும் மாறுதில்ல, அதுக்குப் பயப்படுது. தலையணைய எப்பவோ கிழிச்சது, அதுக்கு ஞாபகமே இருக்காது. வன்மமும் கிடையாது. உங்க துணியத்தான கிழிக்குது? உங்க வாசனைய வாயில வச்சுக்கப் பாக்குது."

அண்ணன் நாயின் மடிந்த காதைத் தடவிக்கொடுத்தார்.

"ஒரு தடவை விட்டுட்டுப் போயிட்டாங்க. இனி யாரு எழுந்து நின்னாலும் அதுக்குப் பதைப்புதான். பின்னாலயே வருதே, அதுல பாசமும் இருக்கு, பயமும் இருக்கு."

அப்புறம் என் பக்கம் திரும்பினார். "ஊளை விட்டதும் நீங்க ஓடி வர்றீங்களா?"

"பாவமா இருக்கே டாக்டர்."

"பாவம்தான். ஆனா ஊளை விட்டா ஆள் வரும்னு நீங்க நல்லாவே சொல்லிக் கொடுத்துட்டீங்க."

எனக்கு முகம் சுருங்கிவிட்டது. ஐந்தாவதோடு படிப்பை நிறுத்திய நான் ஒருத்தருக்குப் பாடம் சொல்லிக் கொடுத்தேன் என்றால் அது இதுதான்.

செய்ய வேண்டியதை டாக்டரம்மா நிதானமாகச் சொன்னார். வேலைக்குப் போகாத நேரத்திலும் காக்கிச் சட்டையைப் போடுங்கள், போட்டுக்கொண்டு சும்மா உட்காருங்கள். சாவியை எடுங்கள், மறுபடி ஆணியில் மாட்டுங்கள். சட்டைக்கும் சாவிக்கும் அர்த்தமே இல்லை என்று அதற்கு ஆகிவிட வேண்டும். கதவைத் திறந்து வெளியே போய், அது பதறுவதற்கு முன்னாலேயே உள்ளே வாருங்கள். மெல்ல மெல்ல நேரத்தைக் கூட்டுங்கள். கிளம்புவதற்குக் கொஞ்சம் முன்னால், பழைய துணியில் தின்ன ஏதாவது வைத்து இறுக்கி முடிந்து போடுங்கள், அவிழ்த்துத் தின்கிற வேலை அதற்கு இருக்கட்டும். வந்ததும் ஓடிக் கட்டிக்கொள்ள வேண்டாம், அது அடங்கின பிறகு தடவுங்கள். அடிக்கக் கூடாது, திட்டக் கூடாது.

"கடைசியா ஒண்ணு. அதுதான் முக்கியம். கிளம்பும்போது ஒண்ணும் சொல்லாதீங்க."

"ஒண்ணும்னா?"

"ஒரு வார்த்தை வேண்டாம். எழுந்தோம், போனோம்னு போயிடுங்க."

"போயிட்டு வரேன்னு மட்டுமாவது..."

"அதுவும்தான். நீங்க ஆறுதல் சொல்றீங்க. அது காதுல ஆறுதலா விழல. ஏதோ நடக்கப் போகுதுன்னு விழுது."

திரும்பி வரும்போது நாய் அடிக்கொருதரம் அவர் முகத்தை அண்ணாந்து பார்த்துக்கொண்டு நடந்தது.

அந்த வாரம் எங்கள் மாடியைப் பார்த்தவர்கள் அவருக்குப் புத்தி பிசகிவிட்டது என்றுதான் நினைத்திருப்பார்கள். சாயங்காலம் வேலையிலிருந்து வந்து, சட்டையைக் கழற்றி, மறுபடி போட்டுக்கொள்வார். சாவி எடுப்பார், மாட்டுவார். வெளியே வருவார், உள்ளே போவார். தபால்காரர் ஒரு நாள் கீழே நின்று பார்த்துவிட்டு, "என்ன அண்ணே, ஏதாவது மறந்துட்டீங்களா?" என்று கேட்டார்.

"வேலைக்குப் போய்ப் பழகுறேன்."

"இத்தனை வருசம் போனதெல்லாம்?"

"அதெல்லாம் தப்பாப் போயிருக்கேன்" என்றார் அண்ணன். தபால்காரர் தலையைச் சொறிந்துகொண்டே போனார்.

சட்டைக்கு நாய் பழகிவிட்டது. சாவிக்குப் பழகிவிட்டது. துணி முடிச்சை முன்காலால் அமுக்கி அவிழ்க்கக் கற்றுக்கொண்டது. நானும் பல்லைக் கடித்துக்கொண்டு கதவுப் பக்கம் போகாமல் இருந்தேன். ஊளை விடும்போது ஊசியை வைத்துவிட்டு ஜெபம் சொல்வேன், கால் தானாக எழுந்துவிடக் கூடாது என்று.

ஆனால் ஒன்று மட்டும் நடக்கவில்லை. அவரால் சொல்லாமல் கிளம்ப முடியவில்லை.

காலையில் எல்லாம் ஒழுங்காக நடக்கும். நாய் முடிச்சோடு பாயில் இருக்கும். அவர் சத்தமில்லாமல் கதவைச் சாத்துவார். தாழ் விழும். நான் மூச்சைப் பிடித்துக்கொண்டிருப்பேன். அப்போது கதவுக்கு இந்தப் பக்கம், காற்று மாதிரி, "போயிட்டு வரேன்". அவ்வளவுதான். முடிச்சைப் போட்டுவிட்டு ஓடி வந்து ஆரம்பித்துவிடும்.

குழந்தை வருகிற நாள் நெருங்கிவிட்டது. ஒரு சாயங்காலம் அவர் படியில் உட்கார்ந்திருந்தார். நான் காயப்போட்ட துணியை எடுக்கப் போனவள் கேட்டேவிட்டேன்.

"ஏண்ணே, ஒரு வார்த்தை. அதை முழுங்கிட்டுப் போக முடியலையா? அவனைக் கிடங்குச் சங்கிலியில கட்டிடப் போறாங்க."

"முழுங்கணும்னுதான் போறேன் தங்கச்சி. பூட்டுல கை வச்சதும் தானா வந்துடுது." செருப்பைக் கழற்றி வைத்துவிட்டு, "சொல்லாமப் போனா, போன மாதிரியே இல்ல. திரும்பி வரணும்ங்கிறதும் இல்லாமப் போயிடுது. யாருகிட்டயாவது சொன்னாத்தான..." என்றார்.

எனக்கு ஒரு யோசனை தோன்றியது. "அப்ப என்கிட்ட சொல்லிட்டுப் போங்க. நான் வாசல்லயே நிக்கிறேன். நான் போயிட்டு வாங்கன்னு சொல்றேன்."

அவர் என்னைப் பார்த்தார். கண் கலங்கின மாதிரி இருந்தது, சட்டென்று தலையைக் குனிந்து முழங்காலைத் தடவிக்கொண்டார். "சரிம்மா" என்றார்.

மறுநாள் காலை நான் வாசலில் நின்றேன். அவர் கதவைச் சாத்திவிட்டுப் பூனை மாதிரி நடந்து வந்தார். என் பக்கம் குனிந்து, உதடு மட்டும் அசைகிற அளவுக்கு, "போயிட்டு வரேன்மா" என்றார்.

நான் வாயைத் திறப்பதற்குள் உள்ளேயிருந்து ஊளை கிளம்பியது.

இரண்டு பேரும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டோம். எனக்குச் சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது. "பாம்புக் காது படுபாவிக்கு" என்றார் அவர். சிரிக்கத்தான் பார்த்தார். படியிறங்கும்போது கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டே இறங்கினார்.

அன்று வேலை முடிந்து அவர் நேராக வரவில்லை. கிடங்குக்குப் போய்ப் பார்த்துவிட்டு வந்ததாகப் பிறகு சொன்னார். "சங்கிலி நீளந்தான். ஆனா நிழல் இல்ல தங்கச்சி" என்றார். அந்த ராத்திரி சுவருக்கு அந்தப் பக்கம் பேச்சே கேட்கவில்லை. நான் முழங்காலில் நின்று, "ஆண்டவனே, அந்த மனுசனுக்கு எதைக் கொடுக்கிறாயோ இல்லையோ, இருக்கிறதைப் பிடுங்காதே" என்று கேட்டுக்கொண்டேன்.

காலையில் காக்கிச் சட்டை உதறுகிற சத்தம் கேட்டது. முடிச்சு தரையில் விழுகிற சத்தம். சாவி. கதவு. தாழ். நான் ஊசியைத் துணியில் குத்தி நிறுத்தினேன்.

ஒன்றும் கேட்கவில்லை.

செருப்புச் சத்தம் என் வாசலைக் கடந்தது. நிற்கவில்லை. படியிறங்கியது. நான் காதைச் சுவரில் வைத்தேன். அந்தப் பக்கம் துணியைப் பல்லால் இழுக்கிற சத்தம். நடுவில் நின்றது. நகம் தரையில் பட நடந்து கதவு வரைக்கும் வந்தது. ஒரு சின்ன முனகல். அப்புறம் மறுபடி நகச் சத்தம், பாய்க்குத் திரும்பி. இரண்டு சுற்றுச் சுற்றித் தொப்பென்று படுத்தது. மறுபடி துணியை இழுக்கிற சத்தம்.

ஓடிப்போய் ஜன்னலில் எட்டிப் பார்த்தேன். அவர் கேட்டைத் தாண்டி நின்றுகொண்டிருந்தார். மடித்த கைக்குட்டையை வாயில் வைத்துப் பல்லால் கடித்துக்கொண்டிருந்தார். தலையைச் சாய்த்து மாடிப் பக்கம் காதைக் கொடுத்துக்கொண்டே நின்றார். ஊளை வரவில்லை என்று நிச்சயமான பிறகு கைக்குட்டையை எடுத்து, உதறி, பையில் வைத்துக்கொண்டு நடந்தார். நான் கையசைத்தேன். அவர் திரும்பவில்லை.

மறுநாளும் கைக்குட்டை. அதற்கு மறுநாளும். ஒரு நாள் நாய் கொஞ்சம் அழுதது, அடங்கிவிட்டது. இன்னொரு நாள் மழை இடியில் பதறியது. மற்றபடி வீடு அமைதியாகிவிட்டது. கைக்குட்டையும் பிறகு தேவைப்படவில்லை. சாயங்காலம் வந்தாலும் அவர் டாக்டரம்மா சொன்னபடியே பேசாமல் உள்ளே போய், சட்டையை மாட்டி, உட்காருவார். குதித்துச் சுற்றுகிற நாய் அடங்கினதும் அவர் காலில் தலையை வைக்கும். அப்போதுதான் தடவுவார். அவரை விட்டு நிதானமாக எழுந்து போகிற பழக்கமும் அதற்கு வந்துவிட்டது. அவர் குளிக்கப் போனால் இப்போது வாசலில் படுப்பதில்லை, நாற்காலியிலேயே இருக்கிறது.

மகள் குழந்தையோடு வந்து சேர்ந்தாள். சில நாள் கழித்து வீட்டுக்காரம்மா என்னைக் கூப்பிட்டு, மேலே கண்ணைக் காட்டிக் கேட்டார்.

"ஏம்மா, நாயக் கொண்டுபோய் விட்டுட்டாரா? பாவம், நான் சொன்னதுக்காகவா?"

"இல்லம்மா. மேலதான் இருக்கு."

"அப்படியா! ஒரு சத்தமும் இல்லையே. காலையில அவரு போறதுகூடத் தெரியலை. அவருதான் ஊருக்குப் போயிட்டாரோன்னு நெனச்சேன்." குழந்தையைத் தோளில் மாற்றிக்கொண்டு, "இருக்கட்டும், இருக்கட்டும். வாயில்லா ஜீவன்" என்றார்.

சாயங்காலம் அதைப் போய் அண்ணனிடம் சொன்னேன். துரைக்கு இடம் நிலைத்துவிட்டது என்று சொன்னேன். அவர் ஆண்டவனுக்குக் கும்பிடு போட்டார். நாயை இழுத்து நெற்றியில் முத்தம் கொடுத்தார். ரொம்ப நேரம் சிரித்துக்கொண்டே இருந்தார்.

அதற்குப் பிறகு வந்த அவருடைய வார லீவு நாளில் நடந்ததைச் சொல்லி முடித்துக்கொள்கிறேன்.

அன்று அவருக்கு எங்கும் போகிற வேலை இல்லை. நான் ஒரு கிண்ணத்தில் குழம்பு கொண்டுபோனேன். கதவு திறந்திருந்தது. அவர் தரையில் உட்கார்ந்து முழங்காலுக்குத் தைலம் தேய்த்துக்கொண்டிருந்தார். வழக்கமாக அவர் கிளம்புகிற வேளை. நாய் நாற்காலியிலிருந்து இறங்கியது. நேராகப் பாய்க்குப் போய் உட்கார்ந்தது. தரையில் முடிச்சு விழுகிற இடத்தைப் பார்த்தது. அப்புறம் அவரைப் பார்த்தது. வாலை ஒரு தடவை ஆட்டிவிட்டு மறுபடி அந்த இடத்தைப் பார்த்தது.

"டேய், இன்னிக்கு லீவுடா" என்றார் அவர். "இங்க வா."

அது வரவில்லை. பாயில் நிமிர்ந்து, ஒரு காது தூக்கி ஒரு காது மடிந்து, காத்துக்கொண்டே இருந்தது.

"என்னைக் கிளம்பச் சொல்றான் தங்கச்சி" என்று சிரித்தார் அண்ணன். நானும் சிரித்தேன். அவர் சிரிப்பு சீக்கிரம் நின்றுவிட்டது. தைலக் கையைத் துடைத்துக்கொண்டு நாயைப் பார்த்தபடியே இருந்தார். அதன் முகத்தில் பயம் இல்லை. கொட்டாவி இல்லை, உதட்டை நக்கவில்லை. நன்றாகத்தான் இருந்தது.

"ஏமாத்தக் கூடாது. பழக்கம் கெட்டுடும்" என்றார்.

எழுந்தார். பழைய துணியில் கொஞ்சம் முடிந்து போட்டார். காக்கிச் சட்டையைப் போட்டுக்கொண்டார். நாய் முடிச்சை அமுக்கிப் பிடித்து வேலையில் இறங்கிவிட்டது, அவர் பக்கம் திரும்பவே இல்லை. அவர் என்னை வெளியே வரச் சொல்லிக் கையைக் காட்டி, கதவைச் சாத்தி, தாழைப் போட்டார். நான் ஏதோ சொல்ல வாயெடுத்தேன். உதட்டில் விரலை வைத்துக் காட்டினார்.

படியிறங்கிப் போனார். நான் ஜன்னலில் நின்று பார்த்தேன். தெருமுனை வரைக்கும் வேலைக்குப் போகிறவர் மாதிரியே வேகமாக நடந்தார். அங்கே போய் நின்றார். பஸ் ஒன்று வந்தது, ஏறவில்லை. சாத்தியிருந்த கடை வாசலில் நிழல் பார்த்து உட்கார்ந்து, காலை நீட்டிக்கொண்டார்.

என் கையில் குழம்பு ஆறிக்கொண்டிருந்தது. நான் கூப்பிடவில்லை.